தபால் செலவு 120 வாங்கினார்கள், சீட்டில் 41 என்று இருக்கிறது: மீதியைத் திரும்பக் கேட்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். சேரன்மகாதேவியில் இருந்துகொண்டு ஓர் இணையச் சந்தைத் தளத்தில், சென்னை விற்பனையாளர் ஒருவரிடம் பழைய அகராதி வாங்கியிருக்கிறீர்கள். புத்தகம் 250 ரூபாய், தபால் செலவு 120 ரூபாய், ஆக 370 ரூபாயையும் ஆர்டர் போடும்போதே கட்டிவிட்டீர்கள். கட்டு வந்தபோது மேலே ஒட்டியிருந்த அஞ்சலகச் சீட்டில் 41 ரூபாய் என்று இருந்தது. மீதி 79 ரூபாய் ஏமாற்றுதானே, திரும்பக் கேட்டால் கிடைக்குமா, எங்கே புகார் செய்வது என்பது உங்கள் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: பக்கத்தில் ஸ்பீடு போஸ்ட் என்று போட்டிருந்ததாம், ஆனால் வந்து சேர 11 நாள் ஆனதாம். அந்த வரியை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. கொஞ்சம் பொறுங்கள், அங்கே வருகிறேன்.

நான் அஞ்சல் துறையில் 31 வருடம் இருந்தவன். பெரும்பாலும் நெல்லைச் சீமையில்தான், அதிலும் பெரும்பாலும் கவுண்டரில்தான். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. திசையன்விளை பக்கம் இருக்கும் என் தங்கை மகள் பனையோலைப் பெட்டி, கொட்டான், கடகம் எல்லாம் இணையத்தில் விற்கிறாள். அவளுக்குக் கட்டுக் கட்டுவதும் எடை போடுவதும் கூரியர்காரர்களோடு மல்லுக்கு நிற்பதும் இப்போது என் வேலை. அதனால் கவுண்டரின் இரண்டு பக்கமும் நின்று பார்த்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் இல்லை. தெரிந்தவர்கள் சிலருக்கு நுகர்வோர் மனு எழுத உதவியிருக்கிறேன், அவ்வளவுதான். சட்டத்தில் எழுதியிருப்பது எது, என் சொந்த அபிப்பிராயம் எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் 79 ரூபாய். வருத்தப்படாதீர்கள், அந்த வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கேட்டால் அது உங்களுக்குச் சேர வேண்டிய பணம் ஆகாது. 'தபால் செலவு 120' என்று விற்பவர் சொல்வது, அஞ்சலகத்தில் நான் கட்டியதை அப்படியே உங்களிடம் வாங்கிக்கொள்கிறேன் என்ற வாக்குறுதி இல்லை. வீட்டு வாசலில் கொண்டுவந்து சேர்க்க அவர் சொன்ன விலை அது. பார்த்தீர்கள், ஒப்புக்கொண்டீர்கள், கட்டினீர்கள். கறிக்கடையில் கிலோ என்ன விலை என்று கேட்டு வாங்கிவிட்டு, ஆட்டை என்ன விலைக்குப் பிடித்தீர்கள் என்று பில் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரிதான்.

இந்தச் சண்டை இணையத்தோடு வந்ததும் இல்லை. பழைய பத்திரிகை விளம்பரங்களில் அடியில் பொடி எழுத்தில் 'தபால் செலவு தனி' என்று போடுவார்கள், ஞாபகம் இருக்கும். புத்தகமோ லேகியமோ வி.பி.பி.யில் வரும், அதாவது அஞ்சலகத்தில் பணம் கட்டிப் பொருளை வாங்கும் முறையில். வாங்க வருகிறவர் விளம்பரத்தில் பார்த்த விலையை மட்டும் முந்தியில் முடிந்து கொண்டு வந்திருப்பார். நாங்கள் அதற்கு மேல் ஒரு தொகை சொல்வோம். "என்ன அண்ணாச்சி, பேப்பர்ல அறுவதுன்னுல்லா போட்டிருந்தான், நீங்க எண்பது கேக்கியளே" என்று கவுண்டருக்கு வெளியே ஒரு பஞ்சாயத்து நடக்கும். கூடுதல் பணம் எங்கள் பையில் போகிறது என்று நிச்சயமாக நம்பியவர்கள் உண்டு. வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. அந்தத் 'தனி' எவ்வளவு என்று விளம்பரத்தில் சொல்லாததுதான் அத்தனை தகராறுக்கும் காரணம்.

சரி, 120-க்கும் 41-க்கும் நடுவில் என்ன இருக்கும்? எங்கள் வீட்டுக் கணக்கை வைத்துச் சொல்கிறேன். அட்டைப்பெட்டி 20 ரூபாய். குமிழ் உறை, டேப், முகவரி அச்சிட்ட தாள் எல்லாம் சேர்த்து 10 ரூபாய். தளத்தின் கமிஷன் பொருளின் விலைக்கு மட்டும்தான் என்று வாங்குபவர்கள் நினைக்கிறார்கள். பல தளங்கள் தபால் செலவையும் சேர்த்த மொத்தத் தொகை மேல்தான் கமிஷன் எடுக்கின்றன. பத்து சதவீதம் என்று வையுங்கள், உங்கள் 120-இல் 12 ரூபாய் அங்கே போயிற்று. 41, 30, 12, ஆக 83. மீதி 37 ரூபாயில் அஞ்சலகம் போய் வந்த பஸ் செலவு, வரிசையில் நின்ற நேரம், பத்துக் கட்டில் ஒன்று முகவரி சரியில்லை என்று திரும்பி வரும்போது ஆகும் நஷ்டம் எல்லாம் அடங்கும். பழைய புத்தகத்துக்கு அட்டைப்பெட்டி போடாமல் பழுப்புத் தாளில் சுற்றி நூல் கட்டி அனுப்பியிருந்தால் அவருக்கு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். என்னைக் கேட்டால் 120 கூடுதல்தான், நான் 90 போட்டிருப்பேன். ஆனால் கூடுதல் விலை சொல்வது வேறு, ஏமாற்று வேறு.

எடை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வாங்குபவர்களுக்கு அதிகம் புரியாமல் இருப்பது இதுதான். கூரியர் கடையில் 'வால்யூம் வெயிட்' என்பார்கள். கட்டின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் தராசு காட்டும் கிலோவும் எது அதிகமோ, அதற்குக் கட்டணம். என் மருமகளின் (அந்தத் தங்கை மகள்தான்) பெரிய ஓலைப்பெட்டி ஒன்றை அட்டைப்பெட்டிக்குள் வைத்தால் 40, 30, 30 சென்டிமீட்டர். பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. தராசில் வைத்தால் 900 கிராம் கூட வராது! காற்றுக்குத்தான் காசு கட்டுகிறோம். ஒரு கிலோ அல்வாவை அதே ஊருக்கு அனுப்புங்கள்: 20, 15, 8 சென்டிமீட்டர் பெட்டி, கணக்குப்படி அரைக் கிலோ கூட இல்லை, அதனால் நிஜ எடை ஒரு கிலோவுக்கே கட்டணம். பத்தமடைப் பாயும் இந்தக் கணக்கில் மாட்டும். சுருட்டினால் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் தடிமன் என்றால் 2.88 கிலோ. பெங்களூரிலிருந்து ஒரு அம்மா போனில் என் மருமகளை "கூடை 350 ரூபாய், கூரியர் 380 ரூபாயா?" என்று கேட்டுக் கிழித்துவிட்டார். அவள் அழாத குறை. "மாமா, இனிமே பெட்டிக்குள்ள பெட்டியா போட்டு மூணு மூணாத்தான் விப்பேன்" என்றாள். அப்படித்தான் விற்கிறாள். ஒரு பெட்டி வாங்கினால் ஆகிற அதே கூரியர் செலவில் மூன்று போய்விடுகிறது.

இவ்வளவு சொன்னதால் விற்பவர்களுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். தெரிந்தே செய்யும் தந்திரம் ஒன்று இருக்கிறது. பொருளுக்கு 49 ரூபாய் போட்டுவிட்டு தபால் செலவை 199 என்று வைப்பார்கள். விலை குறைந்தது முதலில் வரும்படி தேடினால் அவர் பொருள் மேலே வந்து நிற்கும். பிறகு பொருளைத் திருப்பி அனுப்பினால் "பொருளின் விலையை மட்டும்தான் தருவோம், தபால் செலவு கிடையாது" என்று 49 ரூபாயை நீட்டுவார்கள். அப்படிப்பட்ட பக்கத்தைப் பார்த்தால் வாங்காமல் வெளியே வந்துவிடுங்கள். உங்கள் விற்பனையாளர் அந்த ரகம் இல்லை. 250-க்கு 120 என்று நேராகத்தான் போட்டிருக்கிறார்.

இனி சட்டத்தில் இருப்பது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், 2020 ஜூலை 23 அன்று மின் வணிகத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அதில் விற்பவருக்கான கடமைகளில் ஒன்று: மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், கூடவே டெலிவரி கட்டணம், தபால் மற்றும் கையாளும் கட்டணம், வரி எல்லாவற்றையும் பிரித்தும் காட்ட வேண்டும். பாருங்கள், தபால் கட்டணமும் கையாளும் கட்டணமும் சேர்ந்தே வருகின்றன. கையாளுவதற்கும் பணம் வாங்கலாம் என்று விதியே ஒப்புக்கொள்கிறது, அதை மறைக்கக் கூடாது என்பதுதான் அது கேட்பது. அஞ்சலகத்தில் கட்டியதற்கு மேல் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று அந்த விதிகளில் எங்கும் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இன்னொரு வழிகாட்டுதல் வெளியிட்டது. வாங்குபவரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களின் பட்டியல் அது. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியே விடுவது அதில் ஒன்று: முதல் பக்கத்தில் ஒரு விலை, பணம் கட்டும் பக்கத்தில் வேறு விலை, கட்டி முடித்த பிறகு இன்னும் ஒன்று. நாம் கேட்காத ஒன்றைக் கூடையில் தானாகச் சேர்த்துவிடுவதும் பட்டியலில் உண்டு. ஆகவே ஒரு தபால் செலவுச் சண்டை என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது, இந்தத் தொகையை எந்தக் கட்டத்தில் உங்களுக்குச் சொன்னார்கள் என்பதைத்தான். பணம் கட்டுமுன் தெளிவாகச் சொல்லியிருந்தால், அதிகமோ குறைவோ, நீங்கள் ஒப்புக்கொண்ட விலை. கட்டிய பிறகு முளைத்ததென்றால் ஒரு ரூபாயானாலும் கட்ட வேண்டியதில்லை.

அநியாய விலை என்றே வாதாட முடியாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரித்து வைக்கக் கூடாது என்று அதே 2020 விதிகளில் ஒரு வாசகம் உண்டு. அது முதன்மையாகத் தளம் நடத்தும் நிறுவனங்களைப் பார்த்துச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 79 ரூபாய்க்கு ஒரு விற்பனையாளரை நிறுத்த முடியும் என்று நான் நம்பவில்லை. சாதாரண நாளில் 60 ரூபாய் ஆகும் டெலிவரிக்கு வெள்ளக் காலத்தில் 600 ரூபாய் கேட்டால் ஒருவேளை எடுபடும். இது என் அபிப்பிராயம், தீர்ப்பு இல்லை.

இப்போது நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன அந்தக் கடைசி வரி. பக்கத்தில் ஸ்பீடு போஸ்ட் என்று இருந்தது, 120 ரூபாய் அதற்குத்தான் கட்டினீர்கள். அகராதி என்கிறீர்கள், எப்படியும் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். சென்னையிலிருந்து நம் பக்கத்துக்கு அந்த எடையில் ஸ்பீடு போஸ்ட் 41 ரூபாய்க்கு வரவே வராது. கவுண்டரில் இருந்த எவரும் சீட்டைப் பார்த்த உடனே இதைச் சொல்லிவிடுவார். புத்தகங்களுக்கென்று 2025 மே 1 முதல் அஞ்சல் துறை 'கியான் போஸ்ட்' என்று ஒன்று நடத்துகிறது. 300 கிராமுக்கு 20 ரூபாயில் தொடங்கி 5 கிலோவுக்கு 100 ரூபாய் வரை, வரி தனி. மலிவு, ஆனால் தரைவழியாகத்தான் வரும், மெதுவாகத்தான் வரும். தொகையையும் 11 நாளையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் அகராதி அதில்தான் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது. உறுதி செய்ய எளிய வழி உண்டு. கட்டின் மேல் பட்டைக்கோட்டுக்குக் கீழே 13 இடமுள்ள ஒரு எண் இருக்கும்: முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், முடிவில் 'ஐ.என்.' (IN). ஸ்பீடு போஸ்ட் என்றால் வழக்கமாக முதல் எழுத்து 'இ' (E). வேறு எழுத்தில் தொடங்கினால் சந்தேகம் பலமாகிறது. அந்த எண்ணை அஞ்சல் துறையின் தடம் அறியும் பக்கத்தில் போட்டால் எந்தச் சேவை, எந்தத் தேதியில் பதிவானது என்று வந்துவிடும். 11 நாளில் எத்தனை நாள் கட்டு விற்பவர் வீட்டிலேயே கிடந்தது என்பதும் அதில் தெரியும். பல நேரம் தாமதத்தின் பாதி அங்கேதான் இருக்கும், பழி மட்டும் தபால்காரருக்கு. இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

அப்படி உறுதியானால் உங்கள் நிலைமை தலைகீழாக மாறுகிறது. ஒரு சேவையைச் சொல்லிப் பணம் வாங்கிவிட்டு அதைவிட மட்டமான சேவையில் அனுப்பியது விளம்பரத்துக்கு மாறான செயல். இங்கே சீட்டில் உள்ள 41-க்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் அது சொன்ன சேவை தரப்படவில்லை என்பதற்குச் சாட்சி. "நீங்கள் அதிகம் வாங்கினீர்கள்" என்று எழுதினால், பொட்டலம் கட்டிய செலவு என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "ஸ்பீடு போஸ்ட்டுக்குப் பணம் வாங்கினீர்கள், ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பவில்லை" என்று எழுதினால் அந்தப் பதில் செல்லாது. 79 முழுதும் கிடைக்குமா என்றால், பொட்டலச் செலவு போக மீதியைத் தருவதுதான் நியாயம் என்பேன். 50 ரூபாய் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. இந்த 2020 விதிகள், தொழிலாக இல்லாமல் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிமனிதருக்குப் பொருந்தாது. பழைய புத்தகம் என்பதால் கேட்கிறேன்: தாத்தா அலமாரியைக் காலி செய்யும் ஒருவரா, வாடிக்கையாகப் பழைய புத்தகம் விற்பவரா? அவருடைய பக்கத்தில் எத்தனை புத்தகம் போட்டிருக்கிறார் என்று பார்த்தால் தெரிந்துவிடும். நூறு புத்தகம் கிடந்தால் அது வியாபாரம்தான். தனிமனிதர் என்றாலும் தளத்தின் சொந்த விதிமுறைப்படி புகார் செய்யத் தடை இல்லை.

கேட்கும் முறை. முதலில் விற்பவருக்கு, தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே எழுதுங்கள். வாட்ஸ்அப்புக்கு வாருங்கள் என்று அழைத்தால் போகாதீர்கள், அங்கே பேசியதைத் தளம் கணக்கில் எடுக்காது. கட்டைப் பிரித்துவிட்டீர்கள் என்றாலும் மேல் தாளை எறிந்துவிடாதீர்கள். சீட்டு, தட எண், பொருளின் பக்கத்தில் 'ஸ்பீடு போஸ்ட்' என்று உள்ள இடம், பணம் கட்டிய ரசீது, நான்கையும் படம் எடுங்கள். பொருளின் பக்கத்தை முதலில் எடுங்கள், அது மாறிவிடக் கூடியது. எழுதும்போது 'திருடன்', 'மோசடி' என்று ஆரம்பிக்க வேண்டாம். மோசமான மதிப்புரை போடுவேன் என்று மிரட்டவும் வேண்டாம். எங்களுக்கு வரும் புகார்களில் மரியாதையாக, தேதியும் எண்ணும் போட்டு வருவதற்குத்தான் என் மருமகள் அன்றைக்கே பணம் அனுப்புகிறாள். மற்றதை இரண்டு நாள் ஆறப் போடுகிறாள். மனுஷ சுபாவம். "ஐயா, ஆர்டர் பக்கத்தில் ஸ்பீடு போஸ்ட் என்று குறிப்பிட்டு 120 ரூபாய் பெற்றீர்கள். கட்டு வேறு சேவையில் 41 ரூபாய்க்கு அனுப்பப்பட்டு 11 நாளில் வந்தது. படங்கள் இணைத்துள்ளேன். சேவைக் கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன்." இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையில்லை.

அவர் வாய் திறக்கவில்லை என்றால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்தில் இருந்தே ஆக வேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. அதற்கு அடுத்தது 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் நீதிமன்றம் இல்லை, நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சின்னத் தொகைக்குப் பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே காரியம் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே, வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. பொருளின் தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் 79 ரூபாய்க்கு அங்கே போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த வீரவநல்லூர்க்காரர் ஒருவர் 90 ரூபாய்க்காக மனுவோடு அலைந்தார். கொள்கைக்காக என்றார். ஒன்றரை வருடத்தில் பஸ் டிக்கெட்டுக்கே அதைவிட எத்தனையோ மடங்கு ஆகியிருக்கும். அவருக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை.

உங்கள் கேள்விக்கு வெளியே, இதே வகையில் நம் ஊர்ப்பக்கம் அடிக்கடி காதில் விழும் சிலதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் முடிந்த பிறகு விற்பவர் போன் செய்து "உங்க ஊர் கொஞ்சம் உள்ள இருக்கு சார், இன்னும் 80 ரூபாய் ஜிபே பண்ணுங்க" என்பது ஒன்று. கட்டாதீர்கள். உங்கள் பின்கோடைப் போட்டு, தளம் ஏற்றுக்கொண்டு, தொகை காட்டிய பிறகு ஊர் உள்ளே இருக்கிறது என்பது அவர் பாடு. முடியாதென்றால் ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் தரட்டும். இதன் தம்பி ஒருவன் உண்டு: "கட்டு அம்பைக்கு வந்துட்டு, நீங்களே வந்து எடுத்துக்கிடுங்க" என்று அம்பாசமுத்திரம் கூரியர் கடையிலிருந்து போன் வரும். களக்காட்டுக்கு மேற்கே, பாபநாசத்துக்கு மேலே இருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வீட்டு டெலிவரிக்குக் காசு வாங்கியிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. மறுத்தால் அதைத் தளத்தின் செய்திப் பெட்டியில் பதிவு செய்யுங்கள். வாங்குமுன்பே கேட்டு அஞ்சல் வழி அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. மலையடிவாரக் கிராமத்துக்கும் தபால்காரர் போகிறார். நான் அந்தத் துறைக்காரன் என்பதால் சொல்லவில்லை, மருமகள் பொருளை அனுப்பும்போதும் அதைத்தான் செய்கிறேன்.

பொருள் பழுதாகவோ வேறாகவோ வந்தால் தபால் செலவு யாருடையது? விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது, பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது என்பது அதே விதிகளில் தெளிவாக இருக்கிறது. சொன்ன தேதிக்கு மேல் தாமதமாக வந்த பொருளுக்கும் இது பொருந்தும், இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் தவிர. 'பணம்' என்பதில் முதலில் கட்டிய தபால் செலவும் சேரும் என்பது என் வாசிப்பு, அப்படியே எழுதிக் கேளுங்கள். ஆனால் பொருள் சரியாக இருந்து, உங்களுக்கு மனம் மாறித் திருப்பினால், போன தபால் செலவும் வரும் தபால் செலவும் யார் தலையில் என்பதற்கு அந்த விதிகளில் பதில் இல்லை. தளத்தின் கொள்கைதான் பேசும். வாங்குமுன் படிக்க வேண்டிய ஒரே பொடி எழுத்து அதுதான்.

இன்னொன்று, இது சண்டை கூட இல்லை, சுத்தத் திருட்டு. 'உங்கள் பார்சல் முகவரி சரியில்லை, 25 ரூபாய் கட்டி இந்த இணைப்பில் சரிசெய்யவும்' என்று அஞ்சல் துறை பெயரில் எஸ்.எம்.எஸ். வரும். நாம் நிஜமாகவே ஒரு கட்டை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் நாளில் வந்தால் கை தானாக அழுத்திவிடும். மேலப்பாளையத்தில் ஒரு பெரியம்மாவுக்கு 25 ரூபாய் கட்டப் போய்க் கணக்கில் இருந்த பணமே போயிற்று. அஞ்சலகம் அப்படி இணைப்பு அனுப்பிக் காசு கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். முதலில் அந்தத் தட எண்ணின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'இ' என்று இருந்தால் நான் நினைத்தது தப்பு. அப்போது 41 ரூபாய் எப்படி வந்தது என்பது எனக்கே புரியாத கேள்வியாகிவிடும், சீட்டின் படத்தை முகவரி மறைத்து இங்கே போடுங்கள், பார்க்கலாம். வேறு எழுத்து என்றால் மேலே உள்ள நாலு வரியை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அகராதியில் பக்கங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்றும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பழைய அகராதிகளில் கடைசிச் சில தாள்கள் கழன்று போயிருப்பது சகஜம், திருப்பி அனுப்பத் தளம் கொடுக்கும் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும்.